கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!

தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு அதிக தடவை பேசப்படும் வாக்கியம் எது என்று யாராவது கணக்கெடுத்தால், என் ஓட்டு இதற்குத்தான்: “சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!”

மூன்று பேர் உட்காரும் ரயில் சீட்டில் நான்காவதாக ஒருவர் வந்து நிற்பார். இந்த வாக்கியத்தைச் சொல்வார். நாம் நகர்ந்துவிடுவோம். கல்யாண வீட்டில் ரூம் போதவில்லையா, ஹோட்டலில் சட்னி தீர்ந்துவிட்டதா, ஆபீஸில் ஆள் குறைவா... எல்லா வியாதிக்கும் இதே மருந்துதான். கொஞ்சம் மரியாதையான தமிழில் ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று சொல்லித்தானே பெண்களைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம்!

நானும் நிறையப் பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு தடவை சொன்னது மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பாக்டீரியாவுக்குப் போகலாம். ஆமாம், பாக்டீரியாதான். நீங்களும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!

*

இருபது வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகை அலுவலகத்தில், பிழை திருத்தும் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். எங்கள் எல்லாருக்கும் அவர் ‘அண்ணாச்சி’. ஒற்று மிகுமா, மிகாதா என்று எடிட்டருக்கே சந்தேகம் வந்தால், எழுந்து அண்ணாச்சியின் மேஜைக்குத்தான் போவார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டாண் என்று கிளம்பிவிடுவார் அண்ணாச்சி. காரணம் உண்டு. தினமும் ஆறரை மணிக்கு அவர் வீட்டு வாசலில் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் நோட்டும் கையுமாகக் காத்திருப்பார்கள். தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுப்பார். ஃபீஸ் கிடையாது. ஒரு சின்னக் கரும்பலகை, ஒரு டப்பா சாக்பீஸ்... அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

ஒரு நாள் நிர்வாகம் கணக்குப் போட்டது. பிழை திருத்த நாலு பேர் எதற்கு? இரண்டு பேர் போதும். அதிலும் ஒருவர் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கட்டும். சரி, இதை அண்ணாச்சியிடம் யார் சொல்வது? நான் சின்னப் பையன். அவருக்குப் பிடித்தவன். என்னை அனுப்பினார்கள்.

“அண்ணாச்சி, கொஞ்ச நாளைக்கு நைட் ஷிஃப்ட் பாக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க...”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “அதுக்கென்ன தம்பி, பண்ணிக்கிட்டாப் போச்சு. பிழைக்கு ராத்திரி என்ன, பகல் என்ன?” என்று சிரித்தார். நான் நிம்மதியாக வந்து என் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தக் ‘கொஞ்ச நாள்’ ஆறு வருஷம் ஓடியது. ரிட்டையர் ஆகும்வரை ராத்திரிதான். பிரிவு உபசார விழாவில் மைக்கைப் பிடித்த அத்தனை பேரும், ‘எந்தச் சூழ்நிலைக்கும் தன்னை மாற்றிக்கொள்ளத் தெரிந்த அபூர்வமான மனிதர்’ என்று அவரைப் புகழ்ந்தோம். நானும் பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது!

*

போன மாதம் என் மகள் அறிவியல் புத்தகத்தோடு வந்து நின்றாள். “அப்பா, தகவமைப்புன்னா என்னப்பா?”

“சுத்தி இருக்கிற சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி ஒரு உயிர் தன்னை அட்ஜஸ்ட் பண்ணிக்கிறதும்மா. பாலைவனத்துல தண்ணி கிடையாதுல்ல... அதனால கள்ளிச்செடி தன்னோட இலையை முள்ளா மாத்திக்கிட்டது.”

“யாருப்பா மாத்திக்கிட்டது? அந்த ஒரு செடியா?”

நான் படித்தது பி.காம். டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். கள்ளிச்செடி தெரியாது. “அப்புறம் சொல்றேம்மா” என்று தப்பித்தேன். ஆனால், அந்த ‘யாரு?’ என்னை விடவில்லை. புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

கள்ளிச்செடி மாறுவதைக் கூடவே இருந்து பார்க்க வேண்டுமானால், நமக்குப் பல லட்சம் வருஷம் ஆயுள் வேண்டும். பாக்டீரியாவில் அந்தத் தொல்லை இல்லை. சாப்பாடும் கதகதப்பும் சரியாக இருந்தால், நம் குடலில் வாழும் ஈ.கோலை இருபது நிமிஷத்தில் இரண்டாகிவிடும். காலையில் விதைத்தால் மறுநாளுக்குள் எழுபது தலைமுறை! அதனால், ‘யாரு?’ என்ற கேள்வியை விஞ்ஞானிகளும் பாக்டீரியாவிடம்தான் கேட்டார்கள்.

கேட்டவர்களில் ஒருவர் சால்வடார் லூரியா. இத்தாலியில் பிறந்த யூதர். பாசிஸ்ட்டுகளுக்குத் தப்பி அமெரிக்கா போனவர். 1943-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த விஷயம் இதுதான்.

ஒரு குழாய் நிறைய பாக்டீரியா. அவற்றைக் கொல்லும் ஒரு வைரஸை ஊற்றுகிறீர்கள். கோடிக்கணக்கில் செத்துப்போகின்றன. ஆனால், மறுநாள் பார்த்தால் அங்கங்கே சில புள்ளிகள் முளைத்திருக்கின்றன. தப்பித்தவர்களின் வாரிசுகள். இப்போது அந்த வைரஸ் அவர்களை ஒன்றும் செய்வதில்லை. எப்படி?

இரண்டு பதில்கள் சாத்தியம். ஒன்று, வைரஸைப் பார்த்ததும் சில பாக்டீரியாக்கள் சுதாரித்துக்கொண்டு தங்களை மாற்றிக்கொண்டன. நான் என் மகளிடம் சொன்ன பதில். இன்னொன்று, வைரஸ் வருவதற்கு முன்பே, அது வரப்போவது தெரியாமலே, ஏதோ ஒரு பாக்டீரியாவின் மரபணுவில் தற்செயலாக ஒரு எழுத்துப்பிழை நேர்ந்திருந்தது. வைரஸ் வந்தபோது அந்தப் பிழையே அதைக் காப்பாற்றியது. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விடை கிடைத்த இடம் ஆராய்ச்சிக்கூடம் அல்ல, ஒரு டான்ஸ் பார்ட்டி! காசு போட்டு விளையாடும் ஸ்லாட் மெஷினில் சக பேராசிரியர் ஒருவர் தோற்றுக்கொண்டே இருந்தார். லூரியா கிண்டல் செய்துகொண்டிருந்தார். திடீரென்று மெஷின் காசைக் கொட்டியது. லூரியாவுக்குப் பொறி தட்டியது. அந்த மெஷின் எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பதில்லை. பெரும்பாலும் பூஜ்யம். எப்போதாவது ஒரு தடவை மூட்டை மூட்டையாக!

தனித்தனிக் குழாய்களில் கொஞ்சம் கொஞ்சம் பாக்டீரியாவைப் போட்டு வளர்த்தார். பிறகு எல்லாவற்றையும் வைரஸோடு சேர்த்து வைத்தார். வைரஸைப் பார்த்த பிறகுதான் பாக்டீரியா ‘கற்றுக்கொள்கிறது’ என்றால், எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை தப்பித்திருக்க வேண்டும். முன்பே நடந்த தற்செயல் என்றால், ஸ்லாட் மெஷின் மாதிரி நிறையக் குழாய்களில் பூஜ்யம், எங்கோ சில குழாய்களில் ஏகப்பட்ட பேர். ஏனென்றால், ஒரு குழாயில் அந்தப் பிழை சீக்கிரமே நேர்ந்திருந்தால், அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் அது சொத்தாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

வந்த முடிவு... ஸ்லாட் மெஷினேதான்! நண்பர் மாக்ஸ் டெல்ப்ரூக் அதற்கான கணக்கைப் போட்டுக்கொடுத்தார். இருவரும் வைரஸ் ஆராய்ச்சிகளுக்காக 1969-ல் ஆல்பிரட் ஹெர்ஷேயோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள்.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் குழாயில் எந்த ஒரு பாக்டீரியாவும் வைரஸுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. செத்தவை சோம்பேறிகளும் அல்ல, பிழைத்தவை உழைப்பாளிகளும் அல்ல. கோடிக்கணக்கானவை செத்தன. ஒன்றிரண்டு மிஞ்சின. மிஞ்சியவற்றை மட்டும் மறுநாள் காலையில் எண்ணிவிட்டு, ‘ஆஹா, பாக்டீரியா எவ்வளவு அழகாக அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டது!’ என்கிறோம்.

நம் ஊரிலும் கணக்கு இப்படித்தான் எடுக்கப்படுகிறது. 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் போனது. ‘பிள்ளைகள் புது முறைக்குப் பழகிவிட்டார்கள்’ என்று எழுதினோம். நானும்தான் எழுதினேன். யாரைப் பார்த்து எழுதினோம்? திரையில் முகம் தெரிந்த பிள்ளைகளைப் பார்த்து. போன் இல்லாத பிள்ளை எப்படித் திரையில் தெரியும்? தெரியாதவர்களைக் கழித்துவிட்டால் எல்லாருமே பாஸ்தான்!

*

‘அப்படியானால் ஒரு செல் தன் ஆயுளுக்குள் எதையுமே மாற்றிக்கொள்ளாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாற்றிக்கொள்ளும். அதற்கு ஒரு விலை உண்டு.

1960-களின் தொடக்கம். மறுபடியும் இத்தாலி. ஃபெருச்சியோ ரிடோஸா என்ற இளம் விஞ்ஞானி, வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, அந்தச் சின்னப் பழ ஈயின் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கூட வேலை பார்த்த யாரோ தெரியாத்தனமாக இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டி வைத்துவிட்டார்கள். நாமாக இருந்தால் கத்தியிருப்போம். ரிடோஸா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். குரோமோசோம்களில் வழக்கமாக இல்லாத இடங்களில் புதிய வீக்கங்கள். சூடு பட்டதும் வேறு சில மரபணுக்கள் விழித்துக்கொண்டு மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன!

1962-ல் இதை வெளியிட்டார். முதலில் அனுப்பிய பெரிய பத்திரிகை ஒன்று, ‘இதில் முக்கியமாக ஒன்றும் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டதாம். பிற்பாடு பார்த்தால் பாக்டீரியா, செடி, மீன், மனிதன்... தேடிய இடமெல்லாம் இதே ஏற்பாடு இருந்தது.

விஷயம் இதுதான். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கட்டியாகிவிடுகிறது அல்லவா? சூட்டில் புரதங்கள் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் வினை. சூடு ஏறும்போது செல்லுக்குள்ளேயும் இந்த ஆபத்து தலைகாட்டுகிறது. உடனே செல் வேறு வகைப் புரதங்களை அவசரமாகத் தயாரிக்கிறது. உருக்குலையும் புரதங்களைப் பிடித்து, பிரித்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது அவற்றின் வேலை. வயசுப் பெண்ணுக்குத் துணையாக அனுப்பப்படும் அத்தை மாதிரி. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அந்த அர்த்தத்தில்தான் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால், அத்தைகளை வேலைக்கு எடுப்பதற்காகச் செல் வேறொன்றைச் செய்கிறது. வழக்கமான உற்பத்தியைக் குறைக்கிறது. கடும் சூட்டில் ஏறக்குறைய நிறுத்தியே விடுகிறது. பட்டினி வந்தாலும் இதே கதைதான். சாப்பாடு தீர்ந்ததும் ஈ.கோலை ஓர் அபாயச் சங்கு மாதிரியான ரசாயனத்தைத் தயாரிக்கிறது. சங்கு ஊதியதும் புதிய இயந்திரங்கள் கட்டும் வேலை நிற்கிறது. வளர்ச்சி நிற்கிறது.

அதாவது, நெருக்கடியில் ஒரு செல் தாக்குப்பிடிக்கிறது என்றால், எதையோ நிறுத்திவிட்டுத் தாக்குப்பிடிக்கிறது என்று அர்த்தம். உயிரோடு இருப்பதற்காக, உயிரோடு இருந்து செய்ய வேண்டிய வேலைகளை ஒத்திவைக்கிறது. சூடு தணிந்தால் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். தணியவே இல்லை என்றால்? அத்தைகள் எத்தனை நாளைக்குத்தான் தாங்குவார்கள்!

“சில ஜீவன்கள் எதையும் தாங்குமே சார்?” என்பீர்கள். தாங்கும். 1956-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் டப்பாவில் அடைத்த இறைச்சியைக் கிருமியில்லாமல் செய்யக் காமா கதிர்களைப் பாய்ச்சினார்கள். அப்படியும் ஒரு டப்பா கெட்டுப்போனது. உள்ளே இருந்தது டெய்னோகாக்கஸ் என்ற பாக்டீரியா. மனிதனைக் கொல்லும் கதிரியக்கத்தைப் போல ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் பிழைத்துக்கொள்கிற பயில்வான்!

இரும்புக் கவசம் ஏதாவது வைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. அதன் டி.என்.ஏ.வும் நூற்றுக்கணக்கான துண்டுகளாக நொறுங்கத்தான் செய்கிறது. ஆனால், ஒரே டி.என்.ஏ.வுக்குப் பல பிரதிகள் வைத்திருக்கிறது. ஒன்றோடொன்று ஒப்பிட்டு, துண்டுகளைச் சில மணி நேரத்தில் ஒட்டவைத்துக்கொள்கிறது. ஒட்டி முடிக்கும்வரை அது பெருகுவதில்லை. ஆக, பயில்வானும் உடையத்தான் செய்கிறான். ஒட்டிக்கொள்ள அவனுக்கு அவகாசம் இருக்கிறது. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

பி.காம். வகுப்பில் ‘தேய்மானம்’ என்று ஒரு பாடம் உண்டு. பத்து லட்சத்துக்கு மெஷின் வாங்கினால் அது வருஷா வருஷம் தேயும். அந்தத் தேய்மானத்தைச் செலவாக எழுதிக்காட்ட வேண்டும். காட்டாமல் லாபம் சொன்னால் அது பொய் லாபம். மெஷினுக்கு இந்த மரியாதை உண்டு. மெஷினை ஓட்டுகிறவருக்கு? ‘நல்லா அட்ஜஸ்ட் பண்ணிக்கிறார்’ என்று ஒரு சர்ட்டிஃபிகேட். அவ்வளவுதான்.

*

இன்னொரு ஆச்சரியமும் சொல்ல வேண்டும்.

1944-ல் ஜோசப் பிக்கர் என்ற மருத்துவப் பேராசிரியர், சீழ் பிடிக்க வைக்கும் பாக்டீரியா மீது பென்சிலினைப் போட்டுப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாம் காலி. பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் மட்டும் மிச்சம் இருந்தது. மருந்தை வென்றுவிட்ட பலசாலிகள் போலிருக்கிறது என்று அவற்றை வளர்த்து, மறுபடி பென்சிலின் போட்டார். வாரிசுகள் எல்லாம் பழையபடி செத்துப்போயின!

அப்படியானால் அந்த ஒன்று எப்படித் தப்பித்தது? தூங்கிக்கொண்டிருந்தது! பாக்டீரியா வளரும்போது தன் சுற்றுச்சுவரைக் கட்டுகிறதே, அந்த வேலையைத்தான் பென்சிலின் கெடுக்கிறது. வளராமல் சும்மா கிடப்பவனைப் பென்சிலின் என்ன செய்யும்?

2004-ல் நத்தாலி பாலபன் என்ற விஞ்ஞானியின் குழு இதை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தது. மருந்து போடுவதற்கு முன்பிருந்தே ஒவ்வொரு செல்லாகக் கவனித்தார்கள். பிற்பாடு தப்பித்தவை, மருந்து வருவதற்கு முன்பே மெதுவாக வளர்ந்தவையோ, தூங்கியவையோதான். எந்த ஆபத்தும் இல்லாத காலத்திலேயே கூட்டத்தில் கொஞ்சம் பேர் ‘சும்மா’ இருக்கிறார்கள். நல்ல நாளில் அது நஷ்டம். கெட்ட நாளில் அதுதான் இன்ஷூரன்ஸ்.

எங்கள் நிர்வாகம் நாலு பேரை இரண்டாக்கியது நினைவிருக்கிறதா? ‘நாலு பேருக்கு வேலை இல்லை’ என்றார்கள். நாலு பேர் இருந்தபோது ஒருவருக்கு ஜுரம் வந்தால் இன்னொருவர் பார்த்துக்கொண்டார். அண்ணாச்சி ஐந்து மணிக்குக் கிளம்ப முடிந்தது. அந்த ‘சும்மா’வை வெட்டி எறிந்த பிறகு, சுமை முழுவதும் மிச்சமிருந்தவர் தலையில். அதன் பெயர்தான் அட்ஜஸ்ட்மென்ட்!

காசநோய்க் கிருமியிலும் இந்தத் தூங்குமூஞ்சிகள் உண்டு. இருமல் நின்ற பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கச் சொல்வதற்கு முக்கியமான காரணமே அதுதான். காசநோய் என்றதும் நம்ம சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1950-கள்வரை காசநோய் வந்தால் சானடோரியம்தான் என்பது உலகம் முழுக்க விதி. வேலையை விட்டு, குடும்பத்தை விட்டு, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. பணக்காரருக்குச் சரி. தினக்கூலிக்குப் போகிறவர் படுத்துவிட்டால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? ‘நோய் வந்தால் அனுசரித்துத்தான் ஆக வேண்டும்’ என்பதுதான் பதிலாக இருந்தது.

1956-ல் சென்னையில் சேத்துப்பட்டு காசநோய் மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஏற்றபடி நோயாளி மாறுவதற்குப் பதில், நோயாளியின் வீட்டுக்கு ஏற்றபடி வைத்தியம் மாற முடியாதா?

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில். பாதிப் பேர் தங்கள் வீட்டிலேயே. நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு, ஓய்வும் குறைவு. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய சமம்! 1959-ல் இது வெளியானது. வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு இதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் பின்னால் தெரிந்தது. உலகமெங்கும் சானடோரியங்கள் மெல்ல மெல்லக் காலியானதற்குச் சென்னையின் இந்த ஆராய்ச்சி ஒரு பெரிய காரணம்.

எனக்கு இதில் பிடித்தது எது தெரியுமா? அந்த ஏழை நோயாளிகளைப் பார்த்து யாரும் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்று சொல்லவில்லை. வைத்தியம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டது!

*

அண்ணாச்சி ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். “வாங்க தம்பி, உக்காருங்க” என்று சேரை இழுத்துப் போட்டார். மணி ஆறரை இருக்கும். வாசலில் பிள்ளைகள் யாரும் இல்லை. அந்தக் கரும்பலகை சுவரோரம் சாய்ந்து நின்றது. அதன் மேல் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

“டியூஷன் எடுக்கிறதில்லையா அண்ணாச்சி?”

“நைட் ஷிஃப்ட் ஆரம்பிச்ச அன்னிக்கு நின்னது தம்பி. கொஞ்ச நாள்தானேன்னு பிள்ளைகள்ட்ட சொன்னேன். ரிட்டையர் ஆனதும் திரும்ப ஆரம்பிச்சுப் பாத்தேன். ராத்திரி பூரா முழிப்பு. சாயங்காலமானா கண்ணு சொக்குது. ஒரு நாள் கணக்குப் போட்டுக்கிட்டே அப்படியே தூங்கிட்டேன். பிள்ளைக சிரிக்கக்கூட இல்ல, சத்தம் போடாம எந்திரிச்சுப் போயிருக்கு. அன்னியோட விட்டுட்டேன்.”

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. டீயைக் குடித்தேன். அவரே சொன்னார்: “நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க? சொல்லச் சொன்னாங்க, சொன்னீங்க.”

அவர் என்னை மன்னித்துவிட்டார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போது அவர் இல்லை.

எந்தச் சூழ்நிலைக்கும் தன்னை மாற்றிக்கொண்டவர் என்று மைக்கில் சொன்னேனே... அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஒன்றை நிறுத்தினார். நாங்கள் நிறுத்த வைத்தோம். தெருவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் எதையோ இழந்தார்கள். அது எங்கள் அலுவலகத்தின் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

*

‘அப்படியானால் யாருமே யாருக்காகவும் அனுசரிக்கக் கூடாதா? உலகம் நடக்குமா?’ என்று கேட்பீர்கள். நடக்காது. பிறந்த குழந்தைக்காக அம்மா தூக்கத்தை விடுகிறாள். படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்காக மகன் வெளியூர் வேலையை விடுகிறான். அனுசரிப்பு இல்லாவிட்டால் குடும்பம் ஏது, ஊர் ஏது? அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை.

நான் சந்தேகப்படுவது, அனுசரிப்பதையல்ல. அனுசரிக்கச் சொல்வதை. அதிலும், ‘இயற்கையே அப்படித்தான் சார், மாறத் தெரிஞ்சவன்தான் பிழைப்பான்’ என்று இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிடுவதை. கூப்பிட்டுப் பாருங்கள். இயற்கை வந்து கூண்டில் ஏறி வேறு மாதிரி சாட்சி சொல்கிறது. ‘பிழைத்தவன் மாறியதால் பிழைத்தான் என்று நான் சொல்லவே இல்லை. தாக்குப்பிடிப்பவன் எதையோ நிறுத்திவிட்டுத்தான் தாக்குப்பிடிக்கிறான். கொஞ்சம் பேரைச் சும்மா விட்டுவைத்த கூட்டம்தான் தப்பிக்கிறது’ என்கிறது.

அப்படியே இயற்கை வேறு விதமாகச் சொன்னாலும்தான் என்ன? மழை பெய்வது இயற்கை. அதற்காக நனைந்துதான் ஆக வேண்டும் என்று சட்டமா? குடை கண்டுபிடித்த ஜாதி நாம். குழாய்க்குள் இருக்கும் பாக்டீரியாவால் வைரஸை ஊற்றும் கையைப் பிடிக்க முடியாது. மனிதனால் முடியும். அதைவிட முக்கியம், அந்தக் கை பல நேரங்களில் நம்முடையதாகவே இருக்கிறது.

அதனால், யாரிடமாவது ‘அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்று சொல்ல வாய் வரும்போது, இப்போதெல்லாம் எனக்கு நானே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை நாளைக்கு? எதை நிறுத்திவிட்டு? இவருக்குப் பதில் நான் மாறிக்கொள்ள முடியாதா? மூன்றுக்கும் பதில் இருந்தால் சொல்கிறேன். மூன்றாவது கேள்வியிலேயே பாதி நேரம் வாய் மூடிக்கொள்கிறது!

மகளுக்கும் பதில் பாக்கி இருந்தது. சொன்னேன். “எந்தச் செடியும் தன்னை மாத்திக்கலம்மா. முன்ன பலவிதமான செடிங்க இருந்திருக்கு. தண்ணி இல்லாம நிறைய செத்துப்போச்சு. தாங்குனதோட விதைங்க மட்டும் மிஞ்சுச்சு. அப்படியே தலைமுறை தலைமுறையா நடந்து வந்ததுதான் இந்தக் கள்ளி.”

கொஞ்ச நேரம் புத்தகத்தில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “செத்துப்போனதையெல்லாம் புக்ல போடவே இல்லையேப்பா?” என்றாள்.

அடுத்த தடவை ரயிலில் யாராவது வந்து நின்று கேட்டால், தாராளமாக நகர்ந்து உட்காருங்கள். நாலு அங்குலம் கொடுப்பதில் ஒன்றும் குறைந்துவிட மாட்டோம். ஆனால், நின்றுகொண்டு கேட்கிறவர் நீங்களாக இருந்தால், எந்த ஸ்டேஷன்வரை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

நான் அண்ணாச்சியிடம் அதைச் சொல்லவில்லை.